மூன்று கால் ஓநாய்க்கு நீ வைத்த பங்கு

ஆட்டு வாடையோடு வந்து என் கட்டிலில் உரிமையாகக் காலை நீட்டும் ஏழுமலை மச்சானுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. உன் காரியத்துக்கு எலவனாசூர்கோட்டை வரை வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் அரைமணி நேரம் நின்றேன். பிறகு எதிரே வந்த கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். உன் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு வந்து நிற்பது?

முதலில் சேதி. உன் ஆடுகளை உன் அண்ணன் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியாக நீ தேடிப் போன குட்டி பிழைத்துவிட்டது. கம்பிக்கு அடியில் நுழைகிற உயரம்தான் அது. கோமுகி அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. நிலையத்தில் மாலை மணி இப்போதெல்லாம் ஒருநாள் தவறாமல் ஆறு மணிக்கு அடிக்கிறது. நான்தான் அடிக்கிறேன். அந்த மணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் மலையடிவாரத்தில் ஒரு தியான நிலையத்தில் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்ததும் கிடைத்த வேலை. மோட்டார், விளக்கு, மைக், மணி எல்லாம் என் பொறுப்பு. அம்மா அங்கேயே சமையலறையில் இருக்கிறார். நாங்கள் குடியிருக்கும் வீடும் நிலையத்தின் வீடு. நீ அறுவடை முடிந்த நிலங்களில் கிடை போட ஆடுகளோடு வருபவன். ராத்திரியெல்லாம் ஆடு அடைந்து கிடந்தால் நிலத்துக்கு உரம். ஒரு வயலில் நாலைந்து நாள், பிறகு அடுத்த வயல். எங்கள் மதிலுக்கு வெளியே இருந்த மரவள்ளிக் கொல்லைக்கு வந்தபோதுதான் நீ என் மோட்டார் ஷெட்டுக்கு வந்தாய்.

"அண்ணா, போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?"

"ஒன் வயசுதாண்டா எனக்கும். இன்னாத்துக்கு அண்ணா?"

"அப்ப மச்சான்றேன். ஆனா எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத. ஒன் தெருவுக்கும் என் தெருவுக்கும் அந்த மொற கெடையாது."

கிடையாதுதான். நாமாக வைத்துக்கொண்டோம்.

அந்த மாதம் நிலையத்தில் ஐந்து நாள் கேம்ப். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களில் வந்திருந்தார்கள். நிலையத்தை நடத்தும் சாமி ஐந்து நாளும் ஒரே பொருளில் பேசினார். ஓநாய். தென்னை மரத்தில் நான் கட்டிய ஸ்பீக்கர் வழியாக உன் கிடை வரைக்கும் அது கேட்டது. முதல் நாள், ஆசை என்பது ஓநாய், தின்னத் தின்னப் பசிக்கும் என்றார். இரண்டாம் நாள், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நின்று காத்திருக்கும் அதன் பொறுமையை சாதகன் கற்க வேண்டும் என்றார். உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மச்சான், ஒங்க சாமி ஓநாய எங்க பாத்தாராம்?"

"படத்துல பாத்திருப்பாரு."

"அதான. பசியே அடங்காதுன்றாரு. ஒரு ஆட்டத் தின்னுட்டா நாலு நாளு எங்கியாவது நெழல்ல படுத்துக்கினு கெடக்கும் அது. கிடைக்குள்ள பூந்துட்டா மெரண்டு போயி நாலு அஞ்சக் கடிச்சிப் போடும், அதுவும் நெசம்தான். அது நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அதுக்கு ஒரு வவுறு இருக்குது. அவ்ளோதான்."

மூன்றாம் நாள் சொன்னதுதான் கேம்ப்புக்கு வந்தவர்களை உலுக்கியது. பொறியில் கால் மாட்டிய ஓநாய், தன் காலைத் தானே கடித்துத் துண்டித்துவிட்டு வெளியேறும். அதுதான் துறவு, அதுதான் விடுதலை என்றார் சாமி. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொய் சொல்லவில்லை, நானும் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் உன்னிடம் வந்து அப்படியே ஒப்பித்தேன். நீ பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டுக் கேட்டாய்.

"மூணு காலோட அது அப்பறம் எப்டிப் பொழச்சிச்சின்னு சொன்னாரா?"

"சொல்லல. விடுதலையோட முடிச்சிட்டாரு."

"நான் ஒண்ணப் பாத்துக்கினுதான் இருக்கேன். வா."

அப்போதுதான் அதைக் காட்டினாய். மலைமேல் செந்நாய் உண்டு என்பார்கள். கீழே முள்ளுக்காட்டில் ஓநாய் இன்னும் மிச்சமிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் முன்னங்கால் ஒன்று போன ஓநாய். இளைத்துப்போய், நாய் என்று சொன்னால் நாய், இல்லையென்றால் இல்லை என்கிற மாதிரி நின்றது. நீ அதற்கு மொண்டி என்று பேர் வைத்திருந்தாய்.

ஆடு குட்டி போட்டால் நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதைப்பதுதான் உங்கள் வழக்கம். வாடைக்கு ஓநாய் வந்துவிடும். நீ மட்டும் புதைக்காமல், கிடையிலிருந்து தூரமாக ஒரு பாறைமேல் கொண்டுபோய் வைத்தாய். செத்துப் பிறந்த குட்டியையும் வைத்தாய். கூடவே கிடை போட வந்த உன் ஆட்கள் உன்னைத் திட்டாத நாளில்லை.

"ஓநாய்க்கு வெத்தல பாக்கு வெச்சி அழைக்கிறியாடா?"

"இது ஓடிப் புடிக்க முடியாத கேசு. குடுக்கலன்னா குட்டியத் தூக்கும். குடுத்தா அங்கியே நிக்கும். ஜாஸ்தி பேசாத, வழிய வுடு."

அது உண்மையில் அங்கேயே நின்றது. நீ அதைப் போனில் படம் பிடித்தாய். அது தின்பது தெரியும், பின்னால் உன் குரல் கேட்கும்: "தின்னு தின்னு, அவசரம் இல்ல."

இனி வருவதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மதிலுக்கு வெளியே, உன் கிடைக்குப் பக்கத்தில் இருந்த நிலையத்தின் காய்கறித் தோட்டத்தைச் சுற்றி ஒரு மின்வேலி இருந்தது. சூரியசக்திப் பெட்டியில் ஓடும் வேலி, தொட்டால் உதறும், கொல்லாது. கேம்ப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு பெய்த மழையில் அந்தப் பெட்டி செத்துப்போனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"கேம்ப் முடியற வரைக்கும் நேரா லைன்ல குடு."

"சார், ஆள் தொட்டா போயிடுவாங்க."

"ஆறு மணிக்கு மேல அங்க எவன் வரப் போறான்?"

கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று கொடுத்தேன். மனசு கேட்காமல் ஒரு ஏற்பாடு செய்தேன். ஆறு மணிப் பிரார்த்தனை மணியை அடித்த பிறகுதான் ஸ்விட்சைப் போடுவேன் என்று உன்னிடம் சொன்னேன். மணி கேட்டால் கம்பிக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். நீ அதை உன் ஆட்களுக்குச் சொன்னாய். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பிரார்த்தனைக்குக் கூப்பிடுகிற மணி உங்களுக்குக் கம்பியின் மணியாகிவிட்டது. இதில் என்ன ஓட்டை இருக்கிறது என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை மௌனம். எல்லோரும் கண்ணை மூடித் தங்களுக்குள் இருக்கும் ஓநாயைப் பார்க்க வேண்டும். மேனேஜர் வந்து, "இன்னிக்கி மணி வாணாம், சத்தமே இருக்கக் கூடாது" என்றார். நான் மணி அடிக்கவில்லை. ஆனால் ஆறு மணிக்கு, தினம் செய்கிற பழக்கத்தில், என் கை போய் ஸ்விட்சைப் போட்டது.

உன் போன் என் ஷெட்டில் சார்ஜில் கிடந்தது. நேரம் பார்க்க உன்னிடம் ஒன்றுமில்லை. குட்டி ஒன்று தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. நீ நின்று மணிக்குக் காதுகொடுத்திருப்பாய். அடிக்கவில்லை, நேரமிருக்கிறது என்று நினைத்திருப்பாய். உன் ஆட்கள் கத்தியதைக் கேட்டு நான் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே நூறு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்விட்சை அணைக்கத் திரும்பி ஓடினபோது ஷெட்டில் உன் போன் அடித்தது. திரையில் 'வூடு' என்று இருந்தது.

கம்பியைக் கழற்றச் சொன்னார் மேனேஜர். எதற்கென்று தெரிந்தே கழற்றினேன். நிலையத்து ஆட்கள் உன்னை உன் கிடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் ஆட்களைத் தூரமாக நிறுத்தினார்கள். அந்தக் கம்பி உன் கிடையைச் சுற்றிக் கிடந்தது, போலீஸ் வந்தபோது. உன் ஆட்கள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது இருக்கிற கதை இதுதான்: ஆட்டுக்காரன் ஓநாய்க்குப் பயந்து, சார்ஜ் போடுகிற சாக்கில் ஷெட்டிலிருந்து மின்சாரம் இழுத்துக் கிடைக்கு வேலி போட்டான், அவனே அதில் மாட்டிக்கொண்டான்.

நீ ஓநாய்க்குப் பயந்தாயாம், மச்சான்.

வரும் திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் விசாரணை. நான் சாட்சி. நீ என்னிடம் வயர் கேட்டாய், நான் மறுத்தேன் என்று சொல்ல வேண்டும். மேனேஜர் மிரட்டவில்லை. தோளில் கைபோட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துத்தான் கேட்டார்.

"நீ வேற மாதிரி சொன்னா மொதல்ல உள்ள போறது யாருப்பா? லைன் குடுத்தது யார் கை? ஸ்விட்ச் போட்டது யார் கை?"

அவர் சொல்வது சரி. அதுதான் என்னைத் தூங்கவிடாதது. உண்மையைச் சொன்னால் வீடு போகும், அம்மாவின் வேலை போகும், நான் ஜெயிலுக்குப் போவேன். லைன் கொடுக்கச் சொன்னது அவர்தான் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சொல்லாவிட்டால் தினமும் ஆறு மணிக்கு மணியடித்துக்கொண்டு இதே மதிலுக்குள் இருக்கலாம். அம்மா சாம்பார் வாளியைக் கழுவிக்கொண்டே சொல்கிறார், "வாய மூடிக்கினு இருடா. ஒன்ன வுட்டா எனக்கு யாரு?"

சாமியின் பேச்சை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கதையில் பொறி இருக்கிறது, கால் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, விடுதலை இருக்கிறது. பொறியை வைத்தவன் எங்கே? அவன் பேர் கதையில் வரவேயில்லை. மாட்டினது ஓநாயின் வினை, கடித்துக்கொள்வது ஓநாயின் ஞானம். வைத்தவன் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். இங்கே பொறியைக் கட்டினது நான். கட்டச் சொன்னவர் வெளியே நிற்கிறார். நான் உள்ளே நிற்கிறேன். இதற்கு எந்தத் தத்துவத்தில் இடமிருக்கிறது?

போன வாரம் செல்வி வந்தது. உன் பெண்டாட்டி, அதனால் எனக்குத் தங்கச்சி என்று நீ சொல்லிவைத்த முறை. கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். நான் போனேன்.

"ண்ணா, அவுரு ஓநாய்க்கு பயந்தாருன்றாங்க. தெனமும் போன்ல சொல்லுவாரு, மொண்டி வந்துச்சி, தின்னுச்சின்னு. பயந்தவரு சோறு வெப்பாரா? நீங்க சொல்லுங்க."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நான்தான்மா ஸ்விட்ச் போட்டேன். மணி அடிக்கல. ஆனா ஸ்விட்ச் போட்டேன்."

செல்வி அழவில்லை. அடிக்கும் என்று நினைத்தேன், அடிக்கவுமில்லை.

"அத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? திங்கக்கெழம அங்க வந்து சொல்லு."

'சொல்லு' என்றது. அதுவரை நீங்க, ண்ணா. அந்த ஒரு நிமிஷத்தில் முறை போய்விட்டது. உன் போனைக் கொடுத்தேன். மொண்டி தின்கிற படம் அதில் இருக்கிறது, உன் குரலோடு. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தது.

மறுநாள் நான் உன் பாறைக்குப் போனேன். கிடை போய்விட்டது, இனி அங்கே வைக்க யாருமில்லை. நிலையத்துத் தயிர்சாதத்தை இலையில் கொண்டுபோய் வைத்தேன். வேறென்ன இருக்கிறது எங்களிடம்? காக்கைதான் தின்றது. மொண்டி வரவில்லை. எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் கேள்வி ஞாபகம் வந்தது. மூன்று காலோடு அது எப்படிப் பிழைத்தது? தன் வீரத்தால் பிழைக்கவில்லை. நீ பாறைமேல் வைத்ததால் பிழைத்தது. எனக்கு அப்படி வைக்க யாரும் இல்லை. வைக்க வேண்டிய ஆளை நான்தான் கொன்றேன். அதனால் என்னைப் பற்றி எனக்கு நல்ல எதிர்பார்ப்பு எதுவும் கிடையாது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். திங்கட்கிழமை காலை எனக்குப் பயம் வரும், மச்சான். அம்மா முகத்தைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி என் பேரைப் போட்டு, இன்றைக்கே இணையத்தில் வெளியிடுகிறேன். இது வந்த பிறகு மேனேஜருக்கு வேண்டிய சாட்சியாக நான் போய் நிற்க முடியாது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. கடிதம் வெளியானதும் சமையலறைக்குப் போவேன்.

திங்கட்கிழமை சொல்வேன். யார் சொல்லி லைன் கொடுத்தேன் என்பதையும், என் கை போட்ட ஸ்விட்சையும், நான் கழற்றிய கம்பியையும், எதையும் விடாமல். அடுத்த அறுவடைக்கு உன் ஆட்கள் மறுபடி வருவார்கள். நான் வெளியே இருந்தால் முதல் குட்டியின் நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கிப் பாறைமேல் வைக்கிறேன். உள்ளே இருந்தால், இதைப் படிக்கிற உன் ஆட்களில் ஒருவர் புதைக்காமல் வைக்கட்டும். மொண்டி ஒருவேளை இருந்தால்.

இப்படிக்கு,
செல்வி இனி அண்ணா என்று கூப்பிடாத, நீ கூப்பிட்ட முறையை மட்டும் விட மனமில்லாத
உன் மச்சான் சங்கர்