எடை மெஷினோடு வந்த அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

கூடப்பிறந்த அண்ணனை இவ்வளவு அற்பமாக நினைக்க வேண்டிவரும் என்று நான் எண்ணியதே இல்லை.

மத்தியானம் காளவாசலிலிருந்து வந்தான். கையில் எடை மெஷின், பையில் உடம்பு இளைக்கிற பவுடர் டப்பாக்கள். புது வியாபாரமாம். கறிக்குழம்பை மறுபடி மறுபடி ஊற்றச் சொல்லித் தின்றான். பிறகு என் மகள் கயலைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டார் பார்க்க மெஷினில் ஏற்றினான்.

"அம்மாடி! மெஷின் தாங்குமா மாப்ள?" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தான். தொந்தி குலுங்கியது. இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அது தனிக் கேவலம்.

ராத்திரி பரோட்டாவை நிறுத்த அவளிடம் எவ்வளவு கெஞ்சியிருப்பேன். சாயங்காலம் சைக்கிள் ஓட்டவும் இப்போதுதான் ஆசைப்பட ஆரம்பித்திருந்தாள். மெஷினை விட்டு இறங்கிய பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"அண்ணே, மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்பு."

"விளையாட்டுக்குச் சொன்னேன் தாயி. பவுடரை மட்டும் வச்சிட்டுப் போறேன்."

"அதை நீயே குடி. உனக்குத்தான் வேணும்."

"தாய்மாமனை இப்படியா விரட்டுவ?" என்று இவர் முனகினார். இவருக்கெல்லாம் பதில் சொல்வது வீண்.

பொழுது சாய்ந்த பிறகுதான் கயல் கதவைத் திறந்தாள்.

"மாமா போயிட்டாரா?"

"போயாச்சு. சைக்கிள் எடுக்குறியா?"

எடுத்தாள். வாசலில் நின்று தெருவை இருபுறமும் பார்த்தாள்.

"ஆள் இல்லாத பக்கமாப் போவோம்மா."

நேற்றுவரை கடைத்தெரு நடுவில் மணியடித்துக்கொண்டு போனவள்.