சட்டைப் பொத்தான் கனம்

இன்று காலை கரமனையில் நல்ல மழை. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்றிருந்தேன். எதிரே வந்த பழைய கார் ஒன்று சிக்னலில் நின்று கிளம்பும்போது கீச்சென்று கத்தியது. கூடவே ரப்பர் கருகிய வாடை. "பெல்ட்டு" என்று சொல்லி உன் பக்கம் திரும்பிவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்தவர் யாரோ.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து அந்த வெள்ளைக் காரை டாக்ஸிக்கென்று வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தோமே, ஞாபகமிருக்கிறதா? நமக்கு முன்னால் இரண்டு பேர் கைமாறிய வண்டி. ஒரு வாரம்தான் வாய் திறக்காமல் இருந்தது. பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தாலே அலறல். கிள்ளிப்பாலம் மெக்கானிக் பெல்ட்டை மாற்றினான். மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் கத்தியது. நம் ஊரில் எது கிரீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தானே. கதவுக்குப் போடுவதுபோல நானும் பெல்ட்டுக்கு ஊற்றினேன். அது வழுக்கிச் சுற்றி, புகைந்து, பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினாய். "இனி இதுல பப்படமும் பொரிச்சிருங்க" என்றாய். இன்னொரு பெல்ட் வாங்கிப் போட்டேன். அதுவும் கத்தியது.

அப்போது நமக்கு நிலையாக இருந்தது வலியசாலை அக்ரகாரத்து மாமா வீட்டுச் சவாரி ஒன்றுதான். வாரத்துக்கு மூன்று நாள், விடிந்ததும் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாமா வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"ஏன்ப்பா, நீ தெருமுனை திரும்பறச்சயே ஊரே முழிச்சுக்கறது. அவளுக்குத் தலைவலி வேற. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து மாமா சொன்னதை உன்னிடம் சொன்னேன். நீ தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தாய்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. நான் சொல்லாம அணைக்காண்டாம்."

கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எட்ட நின்றே ஒரு தம்ளர் தண்ணீரை ஓடும் பெல்ட்டின் மேல் தெளித்தாய். சத்தம் சட்டென்று நின்றது. நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை, கையை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினாய். பெல்ட் உலர்ந்ததும் மறுபடியும் கீச்சொலி.

"லூசா இருந்தா தண்ணி பட்டதும் இன்னும் வழுக்கி, சத்தம் கூடத்தானே செய்யும்? இது தண்ணிக்கு அடங்குது. பெல்ட்டு எங்கயோ சரிஞ்சு ஓடுது. வீடு மாறினப்ப என் மெஷின் சக்கரத்தக் கோணலா மாட்டினீங்கல்லா? அதே கேசு."

மறுநாள் என்னோடு கிள்ளிப்பாலத்துக்கு நூல்கண்டும் கையுமாக நீயும் வந்தாய். விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"சேச்சி, இது தையல் மெஷீன் அல்ல."

"ரெண்டுலயும் சக்கரம் உண்டு, பெல்ட்டு உண்டு. இந்த நூலோட முனையப் பிடிங்க அண்ணா, சொல்லுதேன்."

இன்ஜின் அணைந்திருந்தது. பெல்ட் ஓடும் கீழ்ச் சக்கரத்தின் முகத்தையும் டைனமோ சக்கரத்தின் முகத்தையும் தொட்டபடி நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னாய். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். டைனமோ சக்கரம் நூலை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு சட்டைப் பொத்தான் கனம், அவ்வளவுதான். அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வேற வண்டி டைனமோவ எடுத்து மாட்டியிருக்கான். வாஷரையும் பக்கம் மாத்திப் போட்டிருக்கான்" என்றான். பின்னால் கிடந்த வாஷரைக் கழற்றி முன்னால் போட்டான். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த சக்கரங்களை நீயே சோப்புத் தண்ணீரால் துடைத்தாய். புது பெல்ட் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது, இன்ஜின் ஓடுகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை வலியசாலையில் கதவு திறக்கவே இல்லை. தட்டினேன். மாமி அவசரமாக வந்தார்.

"ஐயோ, வந்துட்டியா? உன் சத்தம் கேட்டாத்தானே நான் காபியையே எறக்குவேன்!"

மாமா வண்டியைச் சுற்றி வந்தார். "பேஷ். இனிமே நீயே வா. யார்ப்பா கண்டுபிடிச்சா?"

"நான்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. அடுத்த வாரம் கோவிலில் மாமி உன்னைப் பார்த்து என் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்ந்திருக்கிறார். நீ வீட்டுக்கு வந்து, "நீங்க பெரிய கெட்டிக்காரராமே" என்றாய். ஊசியில் நூலைக் கோத்தாய். அந்த வீட்டுக்கு அத்தனை வருடம் போய்வந்தேன், அங்கே ஒரு நாள்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா தடியூன்றிக்கொண்டு வந்திருந்தார். பேச்சுவாக்கில் அந்த வெள்ளைக் காரை நினைவுபடுத்தி, "எப்படிப்பா கண்டுபிடிச்சே அன்னைக்கு?" என்றார்.

"நானில்ல மாமா. இவதான்."

அவர் உன் படத்தின் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?" என்று கேட்டார்.

இதைச் சொல்லும்போது நம் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அன்று நான் பொய் சொன்னது அவளுக்கே இன்றுதான் தெரியும். இப்போதெல்லாம் எங்கே நாலு டிரைவர்கள் கூடி நின்றாலும் நான் அந்த நூலைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் தெளித்ததைச் சொல்கிறேன். கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.