லேடீஸ் சைக்கிளும் முதல் பீரியடும்

நவம்பர் 5, 1981 – வியாழன்

இன்றும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. தீபாவளியோடு எட்டு மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் பீரியடில் பாதி போய்விடுகிறது. வில்லாபுரத்திலிருந்து பள்ளி ஒன்பது கிலோமீட்டர்.

தலைமையாசிரியர் விருமாண்டி கத்தவில்லை. அதுதான் சங்கடம். "டீச்சர், அரைப் பரீட்சை முடியிற வரைக்கும் பாக்குறேன். அப்பவும் இப்படின்னா பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பதினெட்டு வருஷமாகப் பரீட்சை வகுப்பு என்னிடம்தான். இந்த நாற்பது பிள்ளைகளை ஜூனிலிருந்து இழுத்துக்கொண்டு வந்ததும் நான்தான். விட மாட்டேன்.

நவம்பர் 8 – ஞாயிறு

அவனியாபுரத்தில் சோணைமுத்துவின் சைக்கிள் கடை. மூலையில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். ஒரு நர்ஸம்மா ஓட்டியதாம். எனக்கென்னவோ கிணற்றில் கிடந்ததை எடுத்தது மாதிரி இருந்தது. நூல் பிடித்து ஃபிரேமைப் பார்த்தேன். கோணல் இல்லை. மற்றதெல்லாம் மாற்றக்கூடியது.

"என்ன டீச்சர், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீக?"

"பொண்ணுன்னா இவ்வளவு நேரம் பாக்க மாட்டேன்" என்றேன்.

நூற்று இருபது ரூபாய். எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டும் முழு ஓவராயிலையும் அவரே செய்தால் எனக்குக் கட்டாது. சக்கரம், பெடல், மிதிக்கும்போது பின்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுகிற பல்சக்கரமான ஃப்ரீவீல் புதுசாக – இதெல்லாம் அவர் பொறுப்பு. துரு எடுப்பது, கழுவுவது, எண்ணெய் விடுவது என் பொறுப்பு என்று பேசி முடித்தோம்.

வீட்டுக்காரம்மா ரெங்கம்மாள்: "நாப்பத்தெட்டு வயசுலயா டீச்சர்? விழுந்தா எலும்பு கூடாது." ஹாஸ்டல் நாளில் ஓட்டியிருக்கிறேன். காலுக்கு மறந்திருக்காது.

நவம்பர் 15 – ஞாயிறு

நேற்று சைக்கிள் வந்தது. கோட்டம் எடுத்த சக்கரங்கள் நேராக ஓடுகின்றன. செயின் கவருக்கு ஒரு டால்டா டின்னை வெட்டித் தட்டி மாட்டியிருக்கிறார். லட்சணமில்லை, ஆனால் சேலையைக் காப்பாற்றும்.

இன்று முழுக்க உப்புத்தாளும் மண்ணெண்ணெயும். புது ஃப்ரீவீலில் கூடக் கறுப்பு கிரீஸ். சேலையில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவிவிட்டு, தேவைப்பட்ட இடமெல்லாம் தேங்காயெண்ணெய் விட்டேன். உராய்வைக் குறைக்க எண்ணெய் வேண்டும். அது எந்த எண்ணெய் என்று சக்கரத்துக்குத் தெரியவா போகிறது?

பிறகு ஒரு நாள் நீலப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

நவம்பர் 16 – திங்கள்

ஒன்பது ஐந்து. பள்ளி கேட்டைக் கூட இன்னும் திறக்கவில்லை.

நவம்பர் 27 – வெள்ளி

ஒரு நாளும் தாமதமில்லை. டீக்கடை இளவட்டங்கள் மட்டும் விடுவதில்லை. "மாப்ள, ஒதுங்குடா, டீச்சர் வாராக. இடிச்சா காலு மட்டுமில்ல, பரிச்சைல மார்க்கும் போயிரும்!" மணியடித்துவிட்டு நேராகப் போனேன். ஒதுங்கினார்கள்.

டிசம்பர் 17 – வியாழன்

மார்கழி இரண்டாம் நாள். நல்ல பனி. தெரு முனையில் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன். சோணைமுத்து கடை திறக்கவில்லை. அரைப் பரீட்சை ஹாலுக்குள் நான் நுழைந்தபோது கேள்வித்தாள் கொடுத்து முடித்திருந்தார்கள். விருமாண்டி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் ஏறி மிதித்தால் ஒரு கோளாறும் இல்லை!

டிசம்பர் 18 – வெள்ளி

இன்றும் அதே கதை. விருமாண்டி சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர்."

திரும்பும்போது கடையில் இறங்கினேன். சோணைமுத்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பழைய ஃப்ரீவீலை மாட்டிட்டுப் புதுசுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நாலைந்து பேர் நின்றார்கள்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "பழசுன்னா பழசுன்னு சொல்லித்தான் மாட்டுவேன். நம்பிக்கை இல்லேன்னா வேற கடைல காட்டுங்க." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கேட்டது சரிதானே? ஏமாறுகிற ஆளா நான்?

டிசம்பர் 20 – ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைக்கப் பாட்டிலைக் கவிழ்த்தேன். வரவில்லை. உறைந்து வெள்ளையாக நின்றது.

அப்படியே பாட்டிலோடு கொல்லைப்பக்கம் போனேன். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற சைக்கிள். பெடலைச் சுற்றினேன், பிடிக்கவில்லை. ஒரு செம்பு வெந்நீரை ஃப்ரீவீல் மேல் ஊற்றினேன். பிடித்தது.

உள்ளே நான் விட்ட எண்ணெய்தான் குளிரில் உறைந்து ஃப்ரீவீலைப் பிடிக்கவிடாமல் செய்திருக்கிறது. இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும் – வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடுகிறவள் நான். ஐயோ, அந்த மனுஷனை என்ன பேச்சு பேசிட்டேன். சீட்டு எழுதி அனுப்பலாமா? கூடாது. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும்.

போனேன். மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான்." சோணைமுத்து நிமிரவில்லை. பஞ்சர் ஒட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அன்னைக்கே பாத்தேன், ஃப்ரீவீலு என்னடா கல்யாணப் பொண்ணு கணக்கா மணக்குதேன்னு."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவரும். எனக்குக் காதெல்லாம் சூடு.

"எம்புட்டு ஊத்துனீக? கழட்டிப் போடுங்க, மண்ணெண்ணெய்ல ஊறட்டும். இனிமே எண்ணெய் விடுறது என் வேலை. சேலைல படாம விடுறேன்."

டிசம்பர் 21 – திங்கள்

ஒன்பது மணி. பனி நேற்றைவிட அதிகம்.

ஜனவரி 4, 1982 – திங்கள்

புது டைம்டேபிள் ஒட்டியிருந்தது. பத்தாம் வகுப்பு, முதல் பீரியட் – என் பெயர்தான். கெமிஸ்ட்ரி விடைத்தாள்களைக் கொடுத்தேன். நாற்பதில் முப்பத்தொரு பேர் பாஸ். போதாது.

சாயங்காலம் காற்றடிக்கக் கடையில் நின்றேன். சோணைமுத்து சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். கம்பு மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் தன் சைக்கிளைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"ஆளு எப்படி ஆத்தா? வண்டிய நம்பி விடலாமா?"

"நான் நல்லாவே சந்தேகப்பட்டுப் பாத்துட்டேன்" என்றேன். "விட்டுட்டுப் போங்க."