கதையில் வரும் ‘நான்’ யார்

ஜூலை 6, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. தகரத்தின் மேல் தார்ப்பாய் போட்டும் அடுப்பு மூலையில் ஒழுகல்.

மாட்டுங்காவில் வகுப்பு. அஞ்சல்வழி பி.ஏ. அடுத்த ஞாயிறு புனைகதைத் தாள் தேர்வு. படிக்க வேண்டியவை: கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரம், முரண், நோக்குநிலை, கதைசொல்லி. முரண் இன்னும் பிடிபடவில்லை.

பயிற்சிக்கு எழுதிய கதைகளில் என்னுடையதை மேடமே வாசித்தார். கணவன் சூடு வைத்த தழும்பை மறைக்க முழுக்கை ரவிக்கை போடும் பெண். அவளே ‘நான்’ என்று சொல்வதுபோல் எழுதியிருந்தேன். தன்மை நோக்குநிலைக்கு நல்ல உதாரணமாம். வாசித்ததை ரெக்கார்ட் செய்து என் பெயரோடு வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ரயிலில் மறுபடி மறுபடி கேட்டேன்.

வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. தோல்பை தைக்கும் கார்கானாவில் அவருக்கு ஆர்டர் நெருக்கடி.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். நான் போனதும் குழாயடியில் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா, குடத்தை வாங்குவதுபோல் என் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றதும் அடுத்த கை. அப்போதுதான் விளங்கியது. வகுப்பில் யாரோ அனுப்பி, கதை சந்து முழுக்கச் சுற்றியிருக்கிறது. இங்கே பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுத்தாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். குரலாகப் போய்விட்டது.

அவர் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏளா, நான் உனக்கு என்னைக்குச் சூடு வச்சேன்?”

எழுதுபவர் வேறு, கதைசொல்லி வேறு, அந்த ‘நான்’ நானில்லை என்று பாடத்தில் உள்ளபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி. நீ இல்லன்னா அது யாரு?”

அரிசி ஊறப்போடும் சாக்கில் எழுந்துவிட்டேன்.

யாரென்று எனக்குத் தெரியும். புஷ்பம். அவருடைய சொந்தத் தங்கை. போன தீபாவளிக்கு உல்லாஸ்நகர் போயிருந்தபோது, குளித்துவிட்டு வந்தவளின் முழங்கைக்கு மேல் பார்த்தேன். கரண்டியின் வட்டம் அப்படியே. அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அண்ணன் சண்டைக்கு வந்தால், பிள்ளைகளோடு தன்னைக் கணவன் வெளியே தள்ளிவிடுவான் என்ற பயம். பெயர், ஊர், வேலை எல்லாம் மாற்றித்தான் எழுதினேன். மாற்றியதால்தான் பழி இப்போது இவர் தலையில்.

ஜூலை 10, வியாழன்

ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மரியாதையாகத்தான். இனி பொம்பளை மேல் கைவைக்காதே என்று தோளைத் தட்டி அனுப்பினார்களாம். கார்கானாவிலும் கூட இருப்பவர்கள் ஹிந்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கைநீட்டாத மனுஷன்.

சொல்லிவிட்டால் இவர் பெயர் மிஞ்சும், புஷ்பம் தெருவில். சொல்லாவிட்டால் இவர் தலைகுனிந்தே நடக்க வேண்டும். முரண் என்றால் என்னவென்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

மத்தியானம் புஷ்பத்துக்கு போன். எச்சரிக்கலாம் என்று. அந்த ரெக்கார்டிங் அங்கேயும் போய், ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். அவள் கணவனும். இப்படியும் ஒருத்தன் பொண்டாட்டியைப் படுத்துவானா, உன் அண்ணனை நல்லவன் என்றல்லவா நினைத்தேன் என்றானாம், டீ குடித்துக்கொண்டே. முழுக்கக் கேட்டிருக்கிறான். தன்னை அதில் அவன் பார்க்கவே இல்லை.

அப்புறம் அவள்:

“மைனி, கடைசில அவ பிள்ளையத் தூக்கிட்டுக் கதவத் தொறந்து போறாள்லா. எங்க போறா?”

திறந்த முடிவு என்று மேடம் பாராட்டிய இடம். எனக்கே தெரியாமல்தான் அப்படி விட்டேன்.

“நம்ம வீட்டுக்குத்தான் வாரா” என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

விடாத மழை. புஷ்பம் போனை எடுக்கவில்லை. நான் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தால்? சோறு அடிபிடித்தது. அவரும் நானும் பேசியது உப்பு, குடை பற்றி மட்டும்.

ஜூலை 12, சனி

வந்துவிட்டாள். சயான் ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே. இரண்டு பிள்ளைகள், ஸ்கூல் பையில் துணி. அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம். இந்த மழையில் என்னம்மா என்று துண்டை நீட்டினார். வாங்கவில்லை. ரவிக்கைக் கையை மடித்துக் காட்டினாள்.

“அண்ணே, அந்தக் கதை என்னோடது. மைனிய ஒண்ணும் கேக்காத.”

என்னைப் பார்த்தார். கோபமா, வேறெதுவா, தெரியவில்லை. தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். இருவரும் வாசலில் குறுக்கே நின்றோம். சண்டைக்கு ஆள் கேட்டு வரவில்லை, இருக்க இடம் கேட்டுத்தான் வந்தேன் என்றாள் புஷ்பம். கத்தியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் முன்னாலேயே அழுதார்.

புஷ்பத்தின் போன் அடித்தது. அவன். நின்று, மறுபடி அடித்தது. அவர் கை நீட்டினார். தராமல் அவளே எடுத்தாள். இங்கேதான் இருக்கிறேன், வரமாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. நாளை நேரில் வருகிறானாம்.

நாளை தேர்வு. போகவில்லை என்றேன்.

“போங்க மைனி. அவன் வரட்டும். நான் பேசிக்கிடுதேன்.”