உள்ளிருந்து திறக்காத கதவு

வெள்ளிக்கிழமை, இரவு

போன கிழமை வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எல்லாம் சின்னச் சின்னப் பிழைதான். முதலில் ரேடியோவைச் சரிசெய்தேன். பிறகு சைலன்சர் ஆடும் சத்தத்தை நிறுத்தினேன். இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது என்பது தெரிந்தும் அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அந்தப் பக்கம் நான் இருப்பதில்லையே.

இன்று மத்தியானம் மனைவி சுமதியைக் கிளினிக்கில் காட்டிவிட்டு வரும்போது, புளியந்தீவில் பார்ட்ஸ் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். "ஒரு பல்ப் வாங்கிற்று வாறன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். அந்த வயிற்றோடு கியரைத் தாண்டி என் பக்கம் வர ஏலாது. சாவி இல்லாமல் கண்ணாடியும் இறங்காது. இதெல்லாம் எனக்கு அப்போது நினைவில் இல்லை.

கடைக்காரர் காரைப் பார்த்து, "நல்ல வண்டி தம்பி, எங்க பிடிச்ச நீங்க?" என்று கேட்டார். காருக்கு முதுகைக் காட்டியபடி நான் கதை சொல்லத் தொடங்கிவிட்டேன்.

திரும்பிவந்து கதவைத் திறந்தபோது சுமதியின் சட்டை முழுக்க வியர்வை. உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் குடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"கண்ணாடியில எவ்வளவு நேரம் தட்டினன். உங்களுக்குக் கேக்கல்லியா?"

"இல்ல" என்றேன்.

பின்னேரம் கதவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி கொளுவியிலிருந்து விலகியிருந்தது, அவ்வளவுதான். திரும்ப மாட்டிவிட்டேன். சுமதி வந்து உள்ளே இருந்து திறந்து பார்த்தாள். பிறகு பிள்ளை அசையுது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

தட்டின சத்தம் எனக்குக் கேட்டது. அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்துத்தான் திரும்பாமல் நின்றேன். அவள் நான் சொன்னதை நம்பிவிட்டாள். பக்கத்தில் தூங்குகிறாள்.