பைப்படி மண்ணு

ஆவணி 9, திங்கள்
புழுக்கம். கொடித்துணி மேல கரண்டு ஆலைச் சாம்பத்தூள். பிரஷர் மாத்திர தீந்துபோச்சு, மாப்ளகிட்ட சொல்லணும். எழுத்து தெரியாது எனக்கு. போனைப் பாத்துப் பேசினா அதுவே எழுதிக்குது. மக இல்லாதப்ப பேசறேன்.

மக சுமதி காலேசுல சமயப் பாடம் நடத்துறா, முதல் வருசப் புள்ளைங்களுக்கு. கான்ட்ராக்ட்டு வேலை. மாப்ள குவார்ட்டர்ஸ்ல நான் சும்மா குந்திக்கினு இருக்கறேன்ல, பாடமெல்லாம் முதல்ல என் தலையில.
"அப்பா, ஒரு பொருளு எப்ப சாமியாவுது?"
"காபி ஆறுது. குடுத்துட்டுக் கேளு."

செவ்வாய்
மறுபடி அதே கேள்வி. தொல்லை தாங்காம சொல்லிட்டேன். சுரங்கத்துக்கு எங்க ஊரை எடுத்தப்ப, பழைய அம்மன் கோயில்ல ஒரு பிடிமண்ணு எடுத்துகினு வந்து, புது எடத்துல அத வச்சுக் கோயில் கட்டினோம். எங்கண்ணன் மஞ்சத்துணி விரிச்சாரு. பூசாரிக்கு அன்னிக்கு ஜுரம்.
கேட்டுகினே எழுந்து போனா. பாத்தா, பைப்படியில மண்ணு தோண்டுறா.
"மஞ்சத்துணியில முடிஞ்சு, அம்மன் மண்ணுன்னு சொல்லுவேன். கும்புடுவாங்க. அப்புறம் உண்மையச் சொல்லுவேன். அப்ப புரியும்பா."
வேணாம்னேன். பாடமாம்.

வியாழன்
தூறல். மாத்திர வந்துச்சு, வேற கம்பெனி.
நேத்து முடிச்சக் காலேசுக்கு எடுத்துகினு போயி, புள்ளைங்க கும்புட்டப்புறம் சுமதி உண்மையச் சொன்னாளாம். ஒருத்தரும் நம்பல. "பயந்துகினு மாத்திப் பேசறீங்க மேடம்"னு ஒரு பொண்ணு. முடிச்சக் கொண்டுபோயி காலேசு வேப்பமரத்தடியில வச்சிட்டாங்க. சூடம், எலுமிச்சம்பழம், எல்லாம் ஆச்சு. பரிச்சைக்குப் போறதுங்க அங்க நின்னுட்டுத்தான் போவுதுங்களாம்.
பிரின்ஸ்பால் கூப்புட்டு, நாளைக்குள்ள அது போவலன்னா கான்ட்ராக்ட்ட நீட்டிக்க மாட்டேன்னுட்டாரு. வாட்ச்மேன் தொட மாட்டேங்கறான். கூட்டுற அம்மா, "எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க மேடம்."
"நீயே எடுத்துப் போடேன். நீ தோண்டுன மண்ணுதான?"ன்னு கேட்டேன்.
சுமதி டம்ளரக் கழுவிக் கவுத்தா. அப்புறம், "நீங்க வாங்கப்பா."
படிச்சவ.

வெள்ளி
மாப்ள வண்டியில போய் எறங்கினேன். புள்ளைங்க கூட்டமா நின்னுகினு பாக்குதுங்க. முடிச்சு மேல புதுப் பூ வேற. கோவம் தலைக்கேறுது. "பைப்படி மண்ணு இது, எங்க வூட்டு எச்சிப் பாத்திரம் கழுவுற எடம்"னு சத்தமாவே சொன்னேன். குனிஞ்சேன். கை போவல.
"எடுங்கப்பா," சுமதி.
"சும்மா எப்புடிம்மா எடுக்கறது? ஒரு தேங்கா வாங்கியாரச் சொல்லு. உத்தரவு கேட்டுட்டுத்தான் எடுக்கணும்."
பிரின்ஸ்பால் ஜன்னல்ல நின்னு கேட்டுகினு இருந்தாரு. அவரே பியூனை அனுப்பினாரு. வந்தது ரெண்டு தேங்கா.
"இன்னொண்ணு எதுக்குப்பா?"ன்னு பியூனைக் கேட்டேன்.
"சார் பேருக்கு ஒடைக்கச் சொன்னாருங்க."