டிராக்டரில் வந்த தீபாவளிச் சாமான்

கோலசிலாங்கூர்,
6.11.1985

அன்புள்ள சுல்தானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையால் நான் சுகம். நீயும் மகளும் சுகமா? உம்மாவின் முட்டுவலி குறைந்ததா?

முதலாளி மதார் சாகிபு கடையை மூடிவிடுவார் என்று பயந்து எழுதியிருந்தேனே, அந்தப் பயம் நீங்கிவிட்டது. கிள்ளானில் சூப்பர்மார்க்கெட் வந்தபிறகு தோட்டத்துச் சனங்கள் வேன் பிடித்து அங்கே போனார்கள். தீபாவளி வியாபாரத்தைத்தான் நம்பியிருந்தோம். திங்கட்கிழமை மாவும் எண்ணெயும் ஏற்றிவந்த லோரி, வெள்ளம் ஏறிய ரோட்டில் நின்றுவிட்டது. சனங்களுக்கும் கிள்ளானுக்குப் போக வழியில்லை.

தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிற காளியண்ணன் மானேஜரிடம் கேட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். "பாய், நம்ம டிராக்டர் ஒசரம். தண்ணியில போயிரும் லா. ஏறுங்க!" என்று இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டுச் சொன்னார்.

நானும் போனேன். தண்ணீர் முழங்கால் அளவுதான், பயப்படாதே. லோரிக்கும் கடைக்குமாக மூன்று நடை அடித்தோம். ஒரு மூட்டைகூட நனையவில்லை. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். முதலாளி என் தோளில் தட்டி, "பொங்கலுக்கும் இப்பவே சாமான் சொல்லிரு, ஜக்கரியா" என்றார். பல நாளாக இறங்காத சோறு அன்றைக்குத்தான் இறங்கியது.

மகளைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. இங்கே நல்ல செருப்பு வந்திருக்கிறது. அளவு தெரியாமல் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நான் புறப்பட்டபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

தபாலாபீஸ் மூடப்போகிறார்கள். துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்.

உன் ஜக்கரியா